மீனுக்கு ஒரு முழை

உயிர்கள் ஒடுங்கும் இடங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. புலி கிடப்பது முழை. நண்டு பதுங்குவது வளை. பாம்பு புகுவது புற்று. கிளி வாழ்வது பொந்து. குருவி கட்டுவது கூடு. பாறையின் பிளவை அளை என்றும் விடர் என்றும் வழங்கினர். ஓர் உயிரை எண்ணும்போதே அது ஒடுங்கும் இடத்தையும் சேர்த்து எண்ணிய மக்களின் மொழி இது. ஆனால் மீனுக்கு அத்தகைய சொல் ஒன்று நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. குளம் என்றும் கயம் என்றும் மடு என்றும் அது வாழும் நீருக்குப் பெயரிட்டோம். நீர் முழுவதும் அதன் வீடுதானே, தனியே ஒடுங்கும் இடம் எதற்கு என்று கருதிவிட்டோம் போலும்.

ஆற்றிலும் குளத்திலும் அந்த எண்ணத்தால் தீங்கு இல்லை. அங்கே கல்லும் வேரும் பாசியும் கலங்கல் நீரும் மீனுக்கு மறைவு தந்துவிடுகின்றன. நான்கு கண்ணாடிப் பலகைகளுக்குள் தெளிந்த நீரை நிரப்பி, அதில் மீனை விட்டு, மேலே விளக்கும் ஏற்றி, வீட்டுக் கூடத்தில் வைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. பார்ப்பதற்கென்றே ஓர் உயிரை வளர்க்கிறோம். நம் பார்வையிலிருந்து விலகி இருக்கும் உரிமை அந்த உயிருக்கு உண்டா? உண்டென்றால் அதை வழங்கும் கடமை யாருடையது? சிறு தொட்டியொன்றில் செடி நட்டுக் குகை அமைக்கும் எளிய வேலைக்குள் இந்த அறக்கேள்வி அடங்கியிருக்கிறது என்பதே நம் கருத்து.

கண்ணாடியும் கண்ணும்

மீன்களைக் குளத்திலும் தாழியிலும் இட்டு மேலிருந்து பார்த்து மகிழ்வது பழைய வழக்கம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வழக்கம் பரவலானது அண்மைக் காலத்தில்தான். இலண்டனைச் சேர்ந்த வேதியியலறிஞர் ராபர்ட் வாரிங்டன், பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடா இலைச் செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, ஒன்றன் வாழ்வு மற்றொன்றன் வாழ்வைத் தாங்குவதை 1850-இல் எடுத்துரைத்தார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் காண்பதற்கென மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதுவரை மேலே நின்ற மனிதக் கண், மீனின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

நமக்கு இமை உண்டு. பார்க்க விருப்பமில்லாதபோது கண்ணை மூடிக்கொள்கிறோம். நாம் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் மீன்களுக்கோ இமை இல்லை. ஒளியை மறுக்கவும் எதிரே அசையும் பெரிய உருவத்தைக் காணாதிருக்கவும் அவற்றால் ஆவதில்லை. நம் மரபு தேவர்களை இமையவர் என்றது. மதுரையில் உறையும் அன்னையை மீனாட்சி என்றது. பறவை தொட்டும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் குஞ்சு பொரிக்கும் என்று பழையோர் நம்பினர். சைவர்கள் அதனைக் குருவருளுக்கு உவமையாகவும் ஆண்டனர். இமையாத பார்வை காக்கும் பார்வை என்பது அந்த உவமையின் உயிர். ஆனால் தொட்டிக்கு வெளியே நிற்கும் நம் பார்வை பெரும்பாலும் காக்கும் பார்வையாக இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் கண்டு நுகரும் பார்வையாகவே இருக்கிறது. இவ்விரு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குகை நமக்குக் கற்பிக்கிறது. மீனுக்கு இல்லாத இமையைக் கல்லால் செய்து கொடுப்பதே குகை அமைப்பதன் பொருள்.

கங்கைக் கரையின் சிறுமீன்

எந்த மீனுக்குக் குகை என்பதை முதலில் துணிய வேண்டும். கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறிய நமக்கு அயலில் தேட வேண்டிய தேவை இல்லை. நாம் வாழும் இந்தக் கங்கைச் சமவெளியின் குட்டைகளிலும் மெல்ல ஓடும் ஓடைகளிலும் பாடிஸ் என்னும் சிறுமீன் வாழ்கிறது. நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலபார் நாடுகளைச் சுற்றி வந்து பயண நூல் எழுதிய அதே புக்கானன்தான். 1814-இல் கொல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பையும் ஏற்றார். கங்கை மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1822-இல் வெளிவந்தது. தென்னாட்டு வழிகளிலும் நடந்து, கங்கைக் கரையிலும் வாழ்ந்த ஒருவர் பெயரிட்ட மீன் என்பதால் நம்மவர்க்கு இது சற்று நெருங்கிய உறவாகவும் படலாம்.

இம்மீன் நொடிப்பொழுதில் நிறம் மாறும். பச்சோந்தி மீன் என்றே வளர்ப்போர் அழைப்பர். அச்சத்தில் வெளிறும், அமைதியில் சிவப்பும் நீலமும் கரும்பட்டைகளும் ஒளிரும். ஆணுக்குத் தனக்கென ஒரு குகை வேண்டும். பெண்ணை அங்கே அழைத்துச் சென்று முட்டையிடச் செய்து, பின்பு தானே வாயிலில் நின்று காவல் காக்கும். துடுப்புகளை ஓயாது அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் வீசும். நோக்கியே குஞ்சு பொரிக்கும் என்று முன்னோர் சொன்னது உவமை. விசிறிக் காப்பது இங்கே கண்கூடு. குகை இல்லாத தொட்டியில் இந்தத் தந்தைமை வெளிப்பட இடமே இல்லை. மூலையில் நிறமிழந்து நிற்கும் ஒரு மீனை மட்டுமே அங்கே காண்போம். அதைக் கண்டு, ‘இது அழகில்லாத மீன்’ என்று தீர்ப்பும் வழங்கிவிடுவோம்.

குகை அமைக்கும் முறை

60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 36 உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வாழ இது போதும். கல், மணல், நீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதன் எடையைத் தாண்டும். ஆதலால் உறுதியான மேசை வேண்டும்.

கல்லைத் தேர்வதில் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. சில துளி வினிகரைக் கல்லின்மேல் விட்டால் நுரைத்துப் பொங்குமாயின் அதில் சுண்ணாம்பு உண்டு. அது நீரை மெல்ல மெல்லக் கடினமாக்கும். பொங்காத கல்லையே கொள்ள வேண்டும். அடுத்தது அடித்தளம். மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல்லை அடுக்குவது பலரும் செய்யும் முறை. மீன் தன் இயல்பால் மணலைத் தோண்டும். மணல் நகர்ந்தால் கல் சரியும். அடைக்கலம் என்று புகுந்த இடமே கல்லறையாகிவிடும். எனவே பெருங்கற்களை முதலில் அடித்தரையில் ஊன்றி, அவற்றின்மேல் கூரைக்கல்லை மூன்று இடங்களிலேனும் பதியுமாறு வைத்து, தேவையான இடத்தில் மீன்தொட்டிக்கு உரிய சிலிக்கோன் பசையால் பிணைத்து, அதற்குப் பின்னரே மணலைக் கொட்ட வேண்டும். காண்போர் மணலையும் கல்லையும் மட்டுமே காண்பர். கல் எதன்மேல் நிற்கிறது என்பதைக் காணார். காணாத இடத்திலும் செம்மையாகச் செய்வதே இதில் முதல் ஒழுக்கம்.

கல் கிடைக்காதோர் வருந்த வேண்டியதில்லை. சமையலறையில் தேங்காய் துருவிய கொட்டாங்கச்சி ஒன்று போதும். நார் நீக்கி, சாயம் இறங்கும்வரை பலமுறை கொதிக்கவைத்து, விளிம்பில் ஒரு வாயில் வெட்டிக் கவிழ்த்தால் பாடிஸ் மீனுக்கு அது மாளிகை. பக்கம் உடைந்த மண் பூச்சட்டியும் ஆகும். கூரிய விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும்.

வாயில் எத்திசை நோக்க வேண்டும்? கடைகளில் காணும் அமைப்புகளில் குகையின் வாய் நேர் முன்னே திறந்திருக்கும். உள்ளிருக்கும் மீன் நமக்குத் தெரிய வேண்டும் என்பது எண்ணம். மீனின் பக்கம் நின்று எண்ணினால், வாயில் சற்றே ஒருபுறம் திரும்பியிருப்பதே முறை. முட்டை காக்கும் ஆணுக்கு ஒரே வாயிலுடைய குகை ஏற்றது. ஒரு வாயிலைக் காப்பது எளிது. விரட்டப்படும் பெண்ணுக்கு இரு வழிகள் உள்ள குகை வேண்டும். ஒன்றில் துரத்துபவன் வந்தால் மற்றொன்றில் வெளியேறலாம். மேலும், மீன்களின் எண்ணிக்கையைவிடக் குகைகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்கூட வலியது இரண்டைப் பிடித்துக்கொள்ளும். மெலியதற்கு ஒன்றும் இராது. இது மீன்களிடம் மட்டும் காணும் இயல்பன்று.

செடிகளில் ஜாவாப் பெரணியும் அனுபியாசும் குறைந்த ஒளியில் வளர்வன. அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். நூலால் கல்லிலோ ஓட்டிலோ கட்டிவிட்டால் சில வாரங்களில் வேர்பற்றும். முன்புறம் இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டியை நடலாம். இடம் மாற்றி நட்டவுடன் அதன் இலைகள் உருகி விழுவது வழக்கம். வேரைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் மீண்டும் தழைக்கும். ஊர் மாறி வந்து வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு இந்தச் செடியின் போக்கை விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் அமைந்தபின்னும் மீனை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். விருந்தினர் வந்தபின் வீடு கட்டத் தொடங்குவார் இல்லை அன்றோ?

மறைப்பின் அழகு

இவ்வாறு மீனுக்காக வாயிலைத் திருப்பிவைத்தால் காட்சியின் அழகு குன்றாதா என்று கேட்கலாம். நீர்த்தோட்டக் கலைக்கு நம் காலத்தில் புதுவடிவம் தந்தவர் ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015). மலையையும் காட்டையும் நீருக்குள் நினைவூட்டும் அவர் கலை, ஜப்பானியக் கல்லடுக்கு மரபிலிருந்து பிறந்தது. அம்மரபில் கற்கள் ஒற்றைப்படை எண்ணில் அமையும். அவற்றுள் தலையாய கல்லுக்குப் பெற்றோர்க்கல் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. கியோத்தோ நகரின் ரியோஆன்ஜி கோயிலில் வெண்சரளைப் பரப்பின்மேல் 15 கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்து நோக்கினாலும் ஒரு கல்லேனும் மற்றொன்றின் பின்னே மறைந்துவிடும். முழுவதையும் ஒரே பார்வையில் பற்றிக்கொள்ள முடியாமையே அத்தோட்டத்தின் ஆழம். நம் சிறு தொட்டியிலும் அப்படியே. பெரிய கல்லை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் வைத்து, அதன் பின்னே ஓர் இருளை விட்டால், அந்த இருளால் தொட்டி தன் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும்.

மற்றொரு வியப்பும் உண்டு. மறைய இடம் உள்ள மீனே அதிகம் வெளியே வருகிறது என்பது மீன் வளர்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை. ஓடி ஒளிய அருகில் இடம் இருக்கிறது என்னும் துணிவால் அது உலவுகிறது, உண்கிறது, நிறம் காட்டுகிறது. ஒளிய இடமில்லாத மீன் நாள் முழுவதும் நம் கண்முன் இருந்தும் நமக்குத் தன்னைக் காட்டுவதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நன்றாக வெளியே வரும் என்பதற்காகவே குகை தருகிறோம் என்றால் அது வாணிகம், அறம் ஆகாது. விருந்தினர் வந்திருக்கும் மாலையில் மீன் வெளியே வராமல் குகைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அப்போது கண்ணாடியைத் தட்டுகிறோமா, கல்லைக் கிளறுகிறோமா, அல்லது ‘அது உள்ளே இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோமா? நாம் விரும்புவது மீனையா, மீனைக் காண்பதையா என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும்.

கொடைமடமும் கொடையறிவும்

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். புலவர்கள் இதனைக் கொடைமடம் என்று போற்றினர். இருவர் உள்ளமும் பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் பெறுபவரின் பக்கத்திலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றல்ல. கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். அது தேராக அமைந்தது. மயிலுக்குத் தோகை உண்டு; போர்வையால் அதற்கு ஆவதொன்றில்லை. மீனுக்கு நாம் வாங்கி வைக்கும் நெகிழிக் கோட்டைகளும் மண்டையோடுகளும் போர்வையிலும் தாழ்ந்தவை. பேகனிடம் இருந்த இரக்கமும் அவற்றில் இல்லை. கொடுக்குமுன் கொள்வதன் இயல்பை அறிவதைக் கொடையறிவு எனலாம்.

‘ஓர் உயிரைச் சிறைவைத்துவிட்டுச் சிறைக்குள் ஒரு மறைவிடம் கட்டித் தருவது அறமா?’ என்று வினவுவோர் உண்டு. வினா நேர்மையானது. குகை அமைப்பதால் சிறை இல்லம் ஆகிவிடாது. எனவே தொட்டி வைப்பதற்கு முன்பே சில கடமைகள் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய, ‘மிஸ் கேரளா’ என்று பெயர்பெற்ற செங்கோட்டு மீன், அழகு மீன் வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டு, அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. வடகிழக்கு மாநிலங்களின் ஆறுகளில் பிடிக்கப்படும் மீன்கள் பல, நம் கொல்கத்தா வழியாகவே வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பையை உயர்த்திப் பார்க்கும்போது, இது எங்கிருந்து வந்தது, வளர்த்ததா, பிடித்ததா என்று கேட்பது வாங்குபவர் கடமை. ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும் பொன்மீனை உருண்டைக் கிண்ணத்தில் அடைக்காமல் இருப்பதும் கடமையே.

‘அப்படியானால் விடுவித்துவிடலாமே’ என்பதும் விடை அன்று. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி பெரிதாகிவிட்டதும், இரக்கப்பட்டு அதனைக் குளத்தில் விட்டவர்கள் பலர். இன்று அந்த இனம் கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலங்களில் பெருகி, அங்கே மீன் வளர்த்துப் பிழைக்கும் எளியோரின் குளங்களில் தொல்லையாகிவிட்டது. 2002-இல் உலக முதன்மை வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட நீர்ப்பரப்பு அது. அறியாத இரக்கம் ஓர் உயிரை விடுவித்துப் பல உயிர்களைத் துன்புறுத்துகிறது. ஒருமுறை கைக்கொண்டதை இறுதிவரை தாங்குவதே நாம் ஏற்ற பொறுப்பு. அந்தப் பொறுப்பின் குறைந்த அளவே குகை. அதற்குமேல் எவ்வளவும் செய்யலாம், அதற்குக் கீழே இறங்குவது தகாது.

வீட்டுக்குள் ஒரு மறைவு

தொட்டியைப் பற்றிய பேச்சு தொட்டியோடு நிற்பதில்லை. பிழைப்பு நாடி வந்த நகரங்களில் நம்முள் பெரும்பாலோர் வாழ்வது ஓரறை, ஈரறை வீடுகளில். பாட்டனும் பேரனும் மருமகளும் ஒரே கூடத்தில் புழங்குகிறோம். அன்பு மிகுதியால் ஒருவரை ஒருவர் ஓயாது பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். பையன் என்ன படிக்கிறான், பெண் யாரோடு பேசுகிறாள், மாமனார் ஏன் இன்று பேசாமல் இருக்கிறார் என்று நம் கண்கள் இமைப்பதே இல்லை. இதுவும் காக்கும் பார்வை என்றே எண்ணுகிறோம். ஆனால் அழுவதற்கு ஒரு மூலை, எவருக்கும் காட்டாமல் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு, ஏன் என்று கேட்கப்படாத அரைமணி நேரம் ஆகியவை இல்லாத வீட்டில் மனிதரும் நிறம் இழப்பர். இடம் சிறிதாக இருப்பது நம் குற்றம் அன்று. 65 லிட்டர் நீருக்குள் மூன்று குகைகள் அமைக்க முடியுமென்றால், சிறு வீட்டுக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைவை அமைக்க முடியும். அதற்குச் சுவர் வேண்டியதில்லை. கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டு நிற்கும் வழக்கம் போதும்.

மகன் எங்கே என்று கேட்டவருக்கு விடை கூறிய காவற்பெண்டு, தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற மலைக்குகைக்கு ஒப்பிட்டாள். புறநானூற்றின் 86-ஆம் பாட்டு அது. அவன் எங்கிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவள் கலங்கவும் இல்லை. புலி தங்க இடம் தந்தது குகை; புலியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை அன்று. தாய்மைக்கு அவள் கண்ட அந்த உவமையில், இடம் தருவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றாகவே நிற்கின்றன.

ஆகவே வீட்டில் மீன்தொட்டி வைக்க எண்ணுவோர் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு கல்லை அடுக்குக. வாயில் ஏன் நம்மை நோக்கி இல்லை என்று அவர்கள் கேட்பார்கள். ‘அது அந்த மீனின் வீடு’ என்று சொல்லுக. நீர் தெளிந்து, செடி வேர்பற்றி, ஆறு வாரங்கள் கழிந்தபின் மீனைக் கொண்டுவருக. முதல் சில நாள் அது கண்ணில் படாது. தொட்டி வெறுமையாக இருக்கிறதே என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடும். சொல்லட்டும். உள்ளே ஓர் உயிர் அச்சமின்றி இருக்கிறது என்று அறிந்திருப்பதே அந்நாட்களில் நமக்குப் போதுமான காட்சி.